காய்ந்த பலகை

வேலை விட்டு வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு ஒரு பாட்டு கேட்பது என் வழக்கம், ஐயா. நல்லம்பள்ளிப் பக்கம் குவாரியில் நாள் முழுக்கச் சம்மட்டி பிடிப்பவனுக்கு அது போதும்.

கேட்பது எங்கள் சொந்தப் பாட்டு. வாலிபத்தில் நானும் மரிய ஆனந்தும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனோம். அங்கே ராக் இசையில் கிறுக்குப் பிடித்து, ஊர் திரும்பி ஒரு குழு சேர்த்தோம். அவன் கிதார், குரல். நான் டிரம்ஸ். பாட்டுக் கட்டுவதும் நான்தான். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொள்வான். கேசட் போட்டு பாப்பாரப்பட்டிச் சந்தையில் விற்றோம். அட்டையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினான்.

"இதான்டா உன் பேரு. பாட்டு செபாஸ்டின்னு போட்டிருக்கு."

கல்யாணமான புதிதில் அந்த வரியை ராஜமேரிக்குக் காட்டினேன். அவளுக்கும் எழுத்து தெரியாது. விரலால் தடவிப் பார்த்தாள்.

போன வருஷம் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். படிக்க வந்ததும் முதலில் எடுத்தது அந்த அட்டையைத்தான். அந்த வரியில் 'வெயிலில் வைக்க வேண்டாம்' என்று இருந்தது. அதற்கு மேலே, பாட்டும் இசையும் மரிய ஆனந்த்.

ராஜமேரியிடம் சொல்லவில்லை.

இந்த வருஷம் கோயில் திருவிழாவுக்குப் பழைய பாட்டு வேண்டுமென்று கேட்டார்கள். ஆனந்த் காரில் வந்தான். பழைய ஆம்ப்ளிபையர் என் வீட்டில்தான் இருந்தது. அதன் கரகரப்பு இல்லாமல் அந்தப் பாட்டு வராது. அதில் கரண்ட் கசியும். கிதார் கம்பி வழியாக ஏறி, வெறுங்காலில் நிற்பவனைப் பிடிக்கும். எங்கள் ஊரில் மேடை புனிதர் சுரூபத்துக்கு முன்னால்தான்; அங்கே யாரும் செருப்போடு நிற்பதில்லை. அதனால் அவன் காலடியில் காய்ந்த பலகை போடுவது அந்தக் காலத்தில் என் வேலை. ஒரு நாளும் மறந்ததில்லை.

அன்று தூசி பறந்தது. அவன் நிற்கும் இடத்தில் தண்ணீர் தெளித்தேன். விழா வேலையில் அதுவும் என் பங்கு.

"செபா, டிரம்ஸுக்கு ஆள் கூட்டிட்டு வந்துட்டேன்டா. நீ உக்காந்து கேளு, ராஜா மாதிரி."

"அது யாரு கட்டின பாட்டுன்னு மைக்குல சொல்லுவியா?"

"அட, நம்ம பாட்டுதானேடா. சரி, பலகை எங்க?"

"அதெல்லாம் அப்போ. ஆம்ப்ளிபையரை ரிப்பேர் பண்ணியாச்சு."

"உன்னை நம்பித்தான்டா நிக்கறேன். மண்டையப் போட்டேன்னா கறிச்சோறு நீதான் போடணும்." சிரித்தான்.

மைக்கைப் பிடித்து, "இது நான் சின்ன வயசுல எழுதின பாட்டுங்க" என்றான். என் பேரைச் சொல்லியிருந்தால் பலகையைப் போட்டிருப்பேன். அவனுக்கு அந்த அவகாசம் கொடுத்தேன், ஐயா.

பிறகு கிதாரை மாட்டிக் கம்பியில் கை வைத்தான். உடம்பு விறைத்து உதறியது. கை கிதாரை விடவில்லை. பழைய ஆட்டம் ஆடுகிறான் என்று கூட்டம் விசில் அடித்தது. நானும் தொடையில் தாளம் போட்டேன். சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பாட்டை நடுவில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது.

பலகை எங்கே என்று கேட்டீர்கள். அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் இருவரில் ஏமாற்றியவன் அவன்தான், ஐயா. நான் கூட்டாளியை ஏமாற்றுகிறவன் இல்லை.