நல்லாப் போட்ட பாதை

சண்டைக் காலத்தில் கொட்டாஞ்சேனைச் சங்கக் கடையில் அரிசிக்கு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் கதைத்தது இது.

"அந்தப் பாதையை நாங்கள் இவ்வளவு நல்லாப் போட்டிருக்கக் கூடாது, மச்சான்" என்றார் குடை வைத்திருந்தவர்.

மட்டக்குளியில் ஆற்றங்கரையோடு கடல்வரைக்கும் நடந்து போகிற பாதையைத்தான் சொன்னார். ஞாயிறு பூசை முடிந்ததும் இவர்கள் ஏழெட்டுப் பேர் போய், தாழை வெட்டி, உடைந்த ஓடு பரப்பி, ஒற்றையடியாகக் கிடந்ததைச் சம்பளமில்லாமல் அகலமாக்கினார்களாம்.

"வாற திங்கக்கிழமை முள்ளுக்கம்பி அடிக்கிறாங்கள். இனிப் பட்டாளத்து லொறிக்கு மட்டுந்தானாம். எங்கட சனம் காலும் வைக்கேலாது."

"அவங்களுக்கு ஆர் காட்டினது?"

"நான்தான்."

மற்றவர் திரும்பிப் பார்த்தார். நான் கேளாதவள்போல நின்றேன்.

"பட்டாளத்து வெள்ளைக்காரத் துரை வந்து கேட்டார், ஆர் போட்ட பாதை எண்டு. இவ்வளவு காலத்தில ஒருத்தராவது அப்பிடிக் கேட்டவையே? கடைசிமட்டும் கூட்டிக்கொண்டு போனன். மாரியிலயும் சேறு நிக்காது எண்டு நானே சொன்னன்."

"உனக்கு வாய் சும்மா கிடக்காதே."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

"அடைக்க முதல், இந்த ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி கொண்டு வா" என்றார் குடைக்காரர்.

"வெட்டிப் பழுதாக்கவோ?"

"இல்லை. முதலாம் வளைவில ரெண்டு குழி விழுந்திருக்கு."

"லொறிக்காரனுக்கோ மூடப் போறாய்?"

"எனக்கு வேற என்ன தெரியும், மச்சான்" என்றார்.