வாய்க்கால் பாலத்தில் இரண்டு ஹார்ன்

ராத்திரி பதினொன்றரை மணி. செங்கோட்டையிலிருந்து இலஞ்சி வழியாகக் குற்றாலம் வருகிற ரோடு. இரண்டு பக்கமும் வயல்... சாரல் நின்றபாடில்லை. எதிரே ஒரு லைட் கிடையாது, பின்னால் ஒரு லைட் கிடையாது. ஒரே ஒரு ஆம்னி வேன் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

ஓட்டி வந்தவன் மகாராஜா. யாரோ எவனோ இல்லை, நம் மசூதுக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதன். மசூது அன்றைக்கு மகாராஜா வீட்டில் இருந்தவன். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலையும் யாராவது சாத்துங்கள், குளிர் காற்று வருகிறது.

மகாராஜாவுக்குக் குற்றாலத்தில் மைக் செட் கடை. பேர்தான் மகாராஜா, வீட்டில் டிவி ரிமோட்கூட அவன் கைக்கு வராது. அன்றைக்கு உலகக் கோப்பை ஃபுட்பால் பைனல். நம் நேரத்துக்கு நடுராத்திரி தாண்டித்தான் ஆட்டம். வீட்டு முற்றத்தில் தகரம் போட்டு, சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, புரொஜெக்டர் வைத்து, கல்யாண வீட்டுக்கு அனுப்புகிற ஸ்பீக்கர் இரண்டை நிறுத்தியிருந்தான். சொந்தக்காரர்கள், கூட்டாளிகள் எல்லாரையும் கூப்பிட்டாகிவிட்டது. சாப்பாட்டுக்குச் செங்கோட்டை பார்டர் கடையிலிருந்து பரோட்டாவும் கோழியும். அந்தப் பார்சலோடுதான் பறந்துகொண்டு வருகிறான்.

இத்தனை ஏற்பாடும் ஆட்டத்துக்காக இல்லை. பெண்டாட்டி ஜெயசித்ராவுக்காக. அவள் தம்பி சுடலைராஜ் செத்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. அன்றையிலிருந்து அவள் சிரிக்கவில்லை. சமைக்கிறாள், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள்... அவ்வளவுதான். முன்பெல்லாம் பெரிய மேட்ச் என்றால் அத்தான் வீட்டில் ஊரைக் கூட்டுகிறவனே சுடலைராஜ்தான். ஊர் டீமுக்கு கோல்கீப்பர், ஆறடி ஆள். அவன் நடத்தியதை நாம் ஒரு தடவை நடத்தினால் அவள் முகம் கொஞ்சம் தெளியாதா என்று மகாராஜாவுக்கு நப்பாசை. வருஷம் திரும்பாத வீட்டில் கொண்டாட்டம் வேண்டாம் என்று பெரியவர்கள் தடுத்தார்கள். இவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இலஞ்சிக்கு முன்னால் ஒரு வாய்க்கால் பாலம் வரும். அங்கே வரும்போது மசூதிடமிருந்து போன்.

"எங்கலே இருக்க? ஆளுக எல்லாம் வந்தாச்சு. உன்னத்தான் காணோம்."

"வந்துட்டேம்லே, பாலத்துகிட்ட..."

பேசிக்கொண்டே பிரேக்கை மிதித்தான். இரண்டு தடவை ஹார்ன் அடித்தான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இறங்கி, சாரலில் சுற்றிப் போய், பின்பக்கத் தள்ளுகதவைத் திறந்தான். உள்ளேயிருக்கிற கைப்பிடி உடைந்து பல காலம், வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். "ஏறுலே, நேரமாச்சு" என்றான். வேன் ஒரு பக்கம் நன்றாகத் தாழ்ந்தது. ஆள் ஏறியாகிவிட்டது என்று கதவைத் தள்ளிச் சாத்தினான். கர்ர்ர்... டப்.

வந்து உட்கார்ந்து கியர் போட்ட பிறகுதான்...

யாரை ஏற்றினோம்?

பழக்கம், அவ்வளவுதான். மேட்ச் ராத்திரிகளில் பக்கத்து கிரவுண்டில் விளையாடிவிட்டு, சுடலைராஜ் அந்தப் பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருப்பான். இவன் இரண்டு ஹார்ன் அடிப்பான். இறங்கிக் கதவைத் திறப்பான். "ஏறுலே" என்பான். வருஷக்கணக்காக அப்படி. போன சாரல் சீசனில் அதே சுவரில் காத்திருந்தவனைத்தான் ஏதோ ஒரு லாரி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. வாய்க்காலில் விழுந்தவனைப் பொணமாகத்தான் எடுத்தார்கள்.

மகாராஜா திரும்பிப் பார்த்தான். பின்சீட்டில் பார்சல் மட்டும்தான். ஆனால் கோழி வாசனையை அமுக்கிக்கொண்டு இன்னொரு வாசனை வந்தது. நனைந்த ரப்பர்... அதோடு சுளுக்குக்கு அடிக்கிற ஸ்பிரே. கீப்பர் கிளவுஸ் வாசனை. அதற்குப் பிறகு அவன் வேனை ஓட்டினானா, வேன் அவனைக் கொண்டுவந்ததா, அவனுக்கே தெரியாது.

வீட்டில் ஒரே சிரிப்பும் கூத்தும். இவன் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பான்? உங்களுக்கெல்லாம் பரோட்டாவும் வாங்கிவந்தேன், செத்தவனையும் கூட்டிவந்தேன் என்றா சொல்ல முடியும்? ஆட்டம் தொடங்கியது. இவன் திரையைப் பார்க்கவே இல்லை. காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாற்காலியில் யாருமே போய் உட்காரவில்லை. இடமில்லாமல் தரையில் உட்கார்ந்தவர்கள்கூட அதை விட்டுத் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள்.

இடைவேளை. அந்த வீட்டில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு, சுடலைராஜ் ஏற்படுத்தியது. கேட்டைத் திறந்துவிட்டு இரண்டு தூணுக்கும் நடுவில் அவன் நிற்பான். எல்லாரும் ஆளுக்கொரு பெனால்டி அடிக்க வேண்டும். கோல் போட்டவர்களுக்குப் பாயசம் ஒரு கிளாஸ் கூட. இந்தத் தடவை யார் நிற்பது? யாரும் முன்வரவில்லை. "சும்மா அடிங்க, யாரும் நிக்க வேண்டாம்" என்றார் பரமசிவன். ஜெயசித்ராவின் அப்பா, ரிட்டயர்டு போலீஸ்காரர். மகன் போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டவர்.

முதலில் அடித்தவள் அனுசியா. மகாராஜாவின் ஒரே மகள், பத்து வயசு. மாமாதான் அவளுக்குப் பந்து பழக்கினவன். ஓடிவந்து உதைத்தாள். பந்து தூண்களுக்கு நடுவில் நேராக இருட்டுக்குள் போனது...

தப்.

விரித்த கையில் பந்து அறைகிற சத்தம். பந்து கேட்டைத் தாண்டவில்லை. கீழே விழுந்து, மெதுவாக உருண்டு, அவள் காலடியில் வந்து நின்றது.

தகரத்தில் சாரல் விழுகிற சத்தம் மட்டும். அப்போது ஜெயசித்ரா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் ஓட, வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வாசனை அவளுக்கும் வந்துவிட்டது போல. பரமசிவன் உள்ளே போய், ஒரு இலையில் இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, சால்னா ஊற்றிக் கொண்டுவந்து அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

மகாராஜாவும் அப்படியே விட்டிருப்பான். பெண்டாட்டி சிரிக்கிறாளே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தும்விட்டான். இரண்டாம் பாதி முடியப்போகிற நேரத்தில்தான் அனுசியா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எப்பா... ஆட்டம் முடிஞ்சதும் மாமா என்னையும் கூட்டிட்டுப் போறேங்காவ."

"எங்கனட்டி?"

"பாலத்துக்கு. கோல்ல நிக்கதுக்கு அவிய இருக்காவளாம். பந்து அடிக்கதுக்குத்தான் அங்கன ஆளே இல்லையாம்."

மகாராஜா மாமனாரை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

"மாமா, நாந்தான் கூட்டிட்டு வந்துட்டேன். தெரியாம கதவத் தொறந்துட்டேன்..."

"எம் புள்ள வந்திருக்காம்லா? இருந்துட்டுப் போட்டும்." கிழவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கெஞ்சினார். "ஒரு ராத்திரிதான மருமவனே?"

"அனுசியாவக் கூப்பிடுதான் மாமா."

பிடித்த கை தளர்ந்தது. அந்த மனுஷன் இரண்டாம் தடவை மகனைப் பறிகொடுத்தது அந்த அடுப்படியில்தான்.

"எங்க ஏத்துனியோ அங்கனயே எறக்கி விட்டுரு" என்றார். "ஆட்டம் முடியதுக்குள்ள போயிரு. வான்னு சொல்லாத, வாறேன்னும் சொல்லாத. சுடுகாட்டுல இருந்து வாரோம்லா... அது மாதிரி. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பாக்காத. யார் குரல்ல கூப்பிட்டாலும் திரும்பாத."

மகாராஜா ஜெயசித்ராவிடம் போனான். "புள்ளய மடியில வச்சுக்கோ. நான் வார வரைக்கும் கைய விடாத." ஏன் என்று சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது. சொல்லியிருக்க வேண்டும். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வேனுக்கு முன்னால் வழியை மறித்து மைக் செட் சாமான்... ஸ்டாண்டு, ஒயர், பெட்டி. அதை ஒதுக்கி, வேனை கேட்டுக்குக் கொண்டுவருவதற்குள் ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போய்விட்டது. தள்ளுகதவைத் திறந்துவைத்தான். முதுகைக் காட்டிக்கொண்டே முன்னால் போய் இரண்டு ஹார்ன் அடித்தான். வேன் பின்பக்கம் தாழ்ந்தது... நல்ல கனம். அதே நேரம் உள்ளே யாரோ கோல் போட்டுவிட்டார்கள். ஒரே அலறல், குதிப்பு. ஸ்பீக்கர் அதிர்வில் வேன் இன்னொரு தடவை லேசாக ஆடியது. தரையைப் பார்த்தபடியே சுற்றிவந்து கதவைச் சாத்தினான். கர்ர்ர்... டப்.

கண்ணாடியைக் கூரைப்பக்கம் திருப்பிவிட்டான். ரோட்டில் ஈ, காக்கை இல்லை. சாரல், தவளைச் சத்தம்... அப்புறம் பின்னாலிருந்து தொப்... தொப்... பந்தைக் கையால் தட்டுகிற சத்தம். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

இலஞ்சி தாண்டியதும் அது வந்தது.

"எப்பா..."

அனுசியாவின் குரல். அச்சு அசல் அவள் குரல்.

அவன் திரும்பவில்லை. மாமனார் சொன்னாரே, யார் குரலில் கூப்பிட்டாலும்... ஒரு கையால் போனை எடுத்து ஜெயசித்ராவுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. மசூதுக்கு அடித்தான். அந்தக் கூச்சலில் யாருக்குக் கேட்கும்?

"எப்பா, குளிருதுப்பா... என்னப் பாருப்பா."

அழுதுகொண்டே ஓட்டினான். "எம் புள்ள அவ அம்மா மடியில இருக்கா. என்ன ஏமாத்தாதலே சுடலை, உன் காலப் பிடிச்சுக் கேக்கேன்" என்று ரோட்டைப் பார்த்துக் கத்தினான். கண்ணீரும் சாரலுமாக ரோடு தெரியவில்லை. ஆனாலும் திரும்பவில்லை. எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும் அதற்கு... நீங்களும் நானும் திரும்பியிருப்போம்.

பாலம் வந்தது. இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டே கையைப் பின்னால் விட்டுக் கதவைத் திறந்தான்.

"எறங்குலே. உன் எடம் வந்தாச்சு. எங்கள விட்டுரு."

ரப்பர் வாசனை அவனைக் கடந்து போனது. வேன் நன்றாக எழும்பியது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை... லேசாக எழும்பியது. ஸ்பிரிங் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டான். கதவைச் சாத்தினான். வாய்க்கால் பக்கம் பந்துச் சத்தம் தொப்... தொப்... என்று போய், தண்ணீர்ச் சத்தத்தில் கலந்துவிட்டது.

திரும்பி வரும்போது மகாராஜா சிரித்துக்கொண்டே வந்தானாம். தெருவுக்குள் நுழையும்போது வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது. ஜெயசித்ரா கேட்டில் நின்றாள், முகமெல்லாம் பழைய களை. வேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அனுசியா எங்க? பின்னால படுத்துத் தூங்கிட்டாளா?"

"உன் மடியிலதான..."

"ஹார்ன் சத்தம் கேட்டதும் எந்திச்சு ஓடிட்டாளே. எப்பா கூடப் போயிட்டு வாறேன்னு சொன்னா. நீங்கதான் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னிய... கோல் விழுந்த நேரம், நான் கைய விட்டுட்டேன்..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. மகாராஜா ரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அந்த ராத்திரியே ஊரே போய்த் தேடியது. வாய்க்கால், வயல், குளம் வரைக்கும் தேடினார்கள். அப்புறம் தண்ணீருக்குள் ஆள் இறக்கியும் தேடினார்கள். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. அவளுடைய பந்து மட்டும் பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தது. அத்தனை சாரலிலும் பந்து நனையாமல் இருந்தது என்கிறான் மசூது.

மகாராஜா கடையை விற்றுவிட்டான். வேனை விற்கவில்லை. மாதத்தில் பாதி ராத்திரி அந்தப் பாலத்தில்தான் நிற்கிறான். இரண்டு ஹார்ன் அடிப்பான், இறங்கிப் போய்க் கதவைத் திறப்பான், "ஏறுட்டி, அம்மா தேடுதா" என்பான். இப்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான்... பார்த்தால் சீட்டு காலியாகத்தான் இருக்கிறது.

தனியாக விடக்கூடாது என்று மசூது ஒருநாள் கூடப் போயிருக்கிறான். முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். ஹார்ன் அடித்தது, கதவு திறந்தது. கொஞ்ச நேரத்தில் வேன் பின்பக்கம் தாழ்ந்தது. மசூது இதைச் சொல்லும்போது கையால் காட்டுவான்.

இவ்வளவுதான்... ஒரு சின்னப் பிள்ளை ஏறினால் எவ்வளவு தாழும், அவ்வளவுதான்.