பன்னெண்டு புள்ளி நாலு ஒண்ணு

— டயர்ல காத்து ஜாஸ்திங்க. மிதிச்சதும் வழுக்குது, அதான் கெளம்ப லேட்டாகுது. கொஞ்சம் எறக்கிப் பாருங்களேன்.

— காத்துல கை வெக்க மாட்டேன். காலைலேருந்து நாலு தடவை எறக்கி ஏத்தியாச்சு. உக்காரு. ஹெல்மெட்டக் கழட்டு.

— கழட்டினா தலை காக்கா கூடு மாதிரி இருக்கும். இருபத்தாறு வருஷமா குடும்பம் நடத்தறீங்க, நீங்க பாக்காத கூடா. யப்பா, இடுப்பு விட்டுப் போச்சு.

— அஞ்சு மணிக்குள்ள அடுத்த வாரப் போட்டிக்கு ஃபாரம் குடுக்கணும். ஓட்டறவங்க எடத்துல உன் பேரத்தான் எழுதியிருக்கேன். குடுக்கறதுக்கு முன்னாடி இன்னிக்குப் பழகறதுக்கு ஓட்டின இந்த ஆறு ஓட்டத்து நேரச் சீட்டையும் படிக்கறேன், கேளு.

— சீட்டுல என்ன, ஜோசியமா எழுதியிருக்கு?

— அப்படித்தான் வெச்சுக்கோயேன். பன்னெண்டு புள்ளி நாலு ஒண்ணு செகண்டு. அடுத்தது நாலு ரெண்டு. திரும்ப நாலு ஒண்ணு. ஆறும் இதே கதைதான். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு பெட்ரோல், எஞ்சின் ஒரே சூட்டுக்கு ஆறினப்புறம்தான் அனுப்பினேன். வண்டி மேல குத்தமே இல்ல.

— இத்தன செகண்டுல முடிப்போம்னு கார் கண்ணாடியில முன்னாடியே எழுதின நேரத்துக்கே வண்டி போனா ஜெயிப்புன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எப்படி ஆறுலயும் தோத்தோம்?

— கெளம்பறதுல. வண்டி நகந்தாத்தான் அந்தக் கடிகாரமே ஓட ஆரம்பிக்கும். நீ மூணு தடவை பச்சை விழுந்தும் மரமாட்டம் நின்ன. மூணு தடவை பச்சைக்கு முன்னாடியே கெளம்பி செவப்பு வெளக்கு வாங்கித் தோத்த.

— வயசாச்சுங்க. சாயந்தரமானா கை ஒண்ணு சொல்லுது, கால் ஒண்ணு சொல்லுது.

— நானும் மத்தியானம் வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன். அவங்கவங்களுக்குத் தனி வெளக்கு; மெதுவா ஓடற வண்டிக்கு முதல்ல பச்சை, வேகமான வண்டிக்கு அப்புறம்தான். சரியா?

— எனக்கே பாடமா.

— நீ செவப்பு வாங்கின மூணுலயும் பக்கத்துல நின்னது உன்னவிட மெதுவான வண்டி. அவனுக்குப் பச்சை விழுந்துச்சு, அவன் கெளம்பினான், கூடவே நீயும் கெளம்பிட்ட. நீ நின்ன மூணுலயும் பக்கத்துல வேகமான வண்டி. அவன் கெளம்பற வரைக்கும் நீ அசையல.

— யாரோ என்னமோ, நான் எங்க கவனிச்சேன்.

— நீ வெளக்கப் பாக்கல. பக்கத்து வண்டி உறுமறதக் கேட்டு மிதிக்கற.

— வெயில் நேரா மூஞ்சியில அடிச்சா எப்படிங்க பாக்கறது.

— காலைல வெயில் முதுகுப் பக்கம். முதல் ஓட்டமும் செவப்புதான்.

— டீ ஆறுது, குடிங்க.

— எந்தக் கண்ணு?

— முதல்ல வலது. அப்புறம் இடதும் துணைக்குப் போயிடுச்சு. எதப் பாத்தாலும் நடுவுல ஒரு பொகை. ஓரம் நல்லாவே தெரியுதுங்க, தரையில ரெண்டு பக்கக் கோடும் தெரியுது. அதுக்கு நடுவுல போனா போதாதா?

— டாக்டர்கிட்ட போனியா?

— போனேன். போனது திரும்பாதுன்னுட்டாரு. நல்ல மனுஷன், பாவம், வாசல் வரைக்கும் கூடவே வந்து அனுப்பி வெச்சாரு.

— ஸ்கூல் வேன் ஓட்டறியேடி. இருபது புள்ளைங்க.

— வேன் சாவியத் திருப்பிக் குடுத்து அஞ்சு வாரம் ஆச்சு.

— தெனம் ஆறரைக்குக் கெளம்பிப் போறியே?

— பஸ் ஸ்டாப்புல உக்காந்திருப்பேன். நீங்க பட்டறைக்குப் போனதும் வீட்டுக்கு வந்துடுவேன். ஊரான் புள்ளைங்கள வெச்சு வெளையாட முடியுமாங்க? இது வேற. நேர் ரோடு, திருப்பம் கெடையாது, எதுத்தாப்புல வண்டி கெடையாது. எனக்குன்னு இது ஒண்ணாவது இருந்துட்டுப் போகட்டுமேன்னு பாத்தேன்.

— பக்கத்துக் கோட்டுல ஒருத்தன் ஓட்டறான். அவனும் ஊரான் புள்ளதான்.

— ம்.

— நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வண்டியத்தான் எனக்கு சரிபண்ணத் தெரியும். ஃபாரத்த என்ன பண்ணட்டும்? நீயே சொல்லு.

— பேனாவக் குடுங்க. என் வெரலப் புடிச்சு, எம் பேரு எந்த வரியில இருக்குன்னு வெச்சுக் காட்டுங்க. நானே அடிச்சிடறேன்.