பன்னிரண்டாம் தளத்தில் ஒரு பாத்தி

– டயப்பர் போட்ட குழந்தைங்க எறங்கக் கூடாதுன்னு அவ்ளோ பெரிய போர்டு வெச்சிருக்கான், மாமா. கப்பல் டிக்கெட் போடறப்ப இந்த ரூல நீங்க பாக்கவே இல்லியா?

– நான் படத்ததான் பாத்தேன் சங்கரி. காளான் மாதிரி ஒண்ணு, அதுலேர்ந்து தண்ணி கொட்டுது, கீழ பசங்க குதிக்குதுங்க. அத நம்பித்தான் ப்ளானே போட்டேன். காலையில பூல், மத்தியானம் தூக்கம், சாயந்திரம் மறுபடியும் பூல்.

– அந்தப் படத்துல இருந்ததெல்லாம் நாலாங்கிளாஸ் பசங்க. நம்மளுதுங்களுக்கு ரெண்டு வயசே முடியல.

– தண்ணி! அப்பா, தண்ணி!

– அது அண்ணாங்க குளிக்கிற தண்ணிம்மா செந்தமிழ். நாம அப்பறமா... டேய் பிரபா, அது அடுத்தவங்க செருப்புடா, கடிக்காத! சங்கரி, அவனக் கொஞ்சம் புடியேன்.

– அத மட்டும் கேக்காதீங்க மாமா. கையில உப்ப வெச்சுக்கிட்டு நைனாவுக்கு சத்தியம் பண்ணியிருக்கேன். கூட இருப்பேன், பாப்பேன், கை குடுக்க மாட்டேன். பசங்க விழப்போவுதுன்னாதான் எழுந்திருப்பேன். செருப்பக் கடிக்கறதெல்லாம் அதுல வராது.

– அவரு மரக்காணத்துல உக்காந்திருக்காரு. இங்க என்ன, கேமராவா வெச்சிருக்காரு?

– நான் உப்பளக்காரர் வீட்டுல பொறந்தவ. உப்பத் தொட்டு சொல்லிட்டு மீறினா, அப்பறம் எங்க பாத்தியில எனக்குக் கால் கூசும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பொறந்த உங்களுக்கு அது புரியாது.

– உங்க அக்காவும் இதையேதான் சொல்லுவா. பஸ் ஸ்டாண்ட விடவே மாட்டா.

– அவ உசுரோட இருந்திருந்தா நான் ஏன் இந்தக் கப்பல்ல வந்து உக்காந்திருக்கப் போறேன்.

– உள்ள! உள்ள!

– உள்ள போவ முடியாதும்மா... ஏன்டா, சுத்தியும் எம்மாம் பெரிய கடல் இருக்குது, அத ஒரு தடவ திரும்பிப் பாக்க மாட்டேங்கறீங்களே! அந்தக் குட்டைக்கா இந்த அழுகை?

– அந்தக் குட்டையிலதான் குதிக்க முடியும். கடல்ல முடியாதுன்னு அதுங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

– சிரிக்காத சங்கரி. சாயந்திரம் போன் வருமில்ல?

– வரும். பாண்டிச்சேரியிலேர்ந்து திரும்பி நம்ம ஊருக்கு நேரா போவறப்ப டவர் கெடைக்கும்னு நைனா யாரையோ விசாரிச்சு வெச்சிருக்காரு. ஒரே கேள்விதான் கேப்பாரு. “மோகனால பசங்களத் தனியா பாத்துக்க முடியுமா, முடியாதா?” முடியும்னு சொன்னா பசங்க உங்ககூட சென்னையில. முடியாதுன்னு சொன்னா...

– ஆவணியில நமக்குக் கல்யாணம்.

– மண்டபம் பாத்துட்டு வந்துட்டாரு. ஏ.சி. மண்டபம்.

– நீ தப்பா நெனச்சுக்காத. உன்மேல எனக்கு எந்தக் கொறையும் இல்ல. ஆனா பிரியங்கா போயி இன்னும்...

– அய்ய, மென்னு முழுங்காதீங்க மாமா. எனக்கும் இஷ்டமில்ல. பசங்களப் பாத்துக்க ஆள் இல்லன்னு ஒருத்தியக் கொண்டாந்து விடறதுக்குப் பேரு கல்யாணமா? நீங்க ஜெயிக்கணும்னு உங்கள விட நான்தான் அதிகமா வேண்டிக்கிட்டு இருக்கேன். ஆனா நேத்து மாதிரி இன்னிக்கும் ரெண்டும் கத்திச்சுதுன்னா, முடியாதுன்னுதான் நான் சொல்லணும். உப்பத் தொட்டாச்சு.

– நேத்து என்ன, அவ்ளோ மோசமா?

– லிப்ட்டுல பிரபா எல்லா பட்டனையும் அமுக்கிட்டான். ஒரு கல்யாண கோஷ்டி மாலையோட ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னு போச்சு. அப்பறம் அந்தக் கோமாளி.

– கோமாளிக்கு ஒண்ணும் ஆவலியே.

– செந்தமிழ் கத்தினதுல அவரு மூக்கக் கழட்டிட்டு ஓடிட்டாரு மாமா.

– சரி, ப்ளான மாத்தணும். யோசிக்க விடு... ப்பூ! எந்தப் பையன்டா இப்படித் தண்ணிய வாரி அடிக்கிறது? வாயெல்லாம் உப்பு. இது என்ன, கடல் தண்ணியா?

– கடல்லேர்ந்துதான் ஏத்தறாங்களாம். துண்டு குடுக்கறவரு சொன்னாரு.

– கடல் தண்ணி... சங்கரி, காலையில சாப்பாட்டு ஹால்லேர்ந்து எடுத்துட்டு வந்தமே ஒரு கருப்பு ட்ரே, அது எங்க?

– உங்க காலுக்குக் கீழதான் இருக்குது. அதுல இட்லி வெச்சிருக்கீங்க.

– இட்லிய நான் தின்னுடறேன்.

– மாமா, பாட்டில எடுத்துக்கிட்டு எங்க போறீங்க? பூல்லேர்ந்தா மொள்ளுறீங்க? அந்த ஆளு மொறைக்கறாரு பாருங்க!

– போர்டுல என்ன போட்டிருக்கான்? பசங்க தண்ணிக்குள்ள போவக் கூடாது. தண்ணி பசங்ககிட்ட வரக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கானா?

– போடல.

– அப்ப வரட்டும். இந்த மூலைக்கு வாங்கடா. தொப்பியப் போடுங்க. தரை சுடுது, துண்டுமேல உக்காரணும். ஆங், அப்படித்தான்.

– என்ன மாமா பண்றீங்க?

– பாத்தி கட்டறேன்.

– ...யாரு சொன்னா உங்களுக்கு இது?

– பிரியங்காதான். சின்ன வயசுல மொட்டமாடியில, சாப்பாட்டுத் தட்டுல கடல் தண்ணி ஊத்தி ரெண்டு பேரும் உப்பு வெளைய வெச்சீங்களாமே. நீ காவலுக்கு இருக்கேன்னு சொல்லிட்டு தூங்கிட்டியாம்.

– அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருந்த வெளையாட்டு. நைனாவுக்குக்கூடத் தெரியாது. உங்ககிட்ட சொன்னாளா?

– வயித்துல இதுங்க ரெண்டும் இருந்தப்ப அவளுக்குப் படுக்கவே முடியாது. உக்காந்து உக்காந்து உங்க ஊர்க் கதையா சொல்லுவா. ஆனா உப்பு எப்படி வெளைய வெக்கறதுன்னு சொன்னதே இல்ல. அழகா இருக்கும், அழகா இருக்கும்னு மட்டும் சொல்லுவா. ...ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிருக்க? தப்பா ஊத்தறேனா?

– நான் ஒண்ணும் சொல்லலியே.

– ஜாஸ்தியா ஊத்திட்டேனா?

– தோ, அங்க பாருங்க, கொக்கு.

– நடுக்கடல்ல ஏது கொக்கு?

– அப்ப கடல் காக்காவா இருக்கும்.

– ட்ரே நெறைய ஊத்தினாத்தான நெறைய உப்பு வரும்? சரியாத்தான் பண்றேன்... டேய்! டேய் பிரபா! விடுடா! போச்சு. கவுத்துட்டான் சங்கரி. எல்லாம் போச்சு. அடியில ஒட்டிக்கிட்டு இருக்கறதுதான் மிச்சம். இப்ப நீ ஏன் சிரிக்கிற?

– சிரிக்கல.

– சிரிக்கிற. ...இரு. இவன் கவுத்ததுதான் சரியா? இவ்ளோ கொஞ்சம் தண்ணி போதுமா?

– மாமா, நான் சத்தியம் பண்ணியிருக்கேன்.

– அப்ப ஏன் காலை இப்படி ஆட்டற?

– காலை ஆட்ட மாட்டேன்னு யாருகிட்டயும் சத்தியம் பண்ணல.

– போதும்! புரிஞ்சிடுச்சு. நீ சிங்கம்டா பிரபா. செந்தமிழ், இந்த ஸ்பூன் உனக்கு. இது இவனுக்கு. இந்த பாட்டில் மூடியிலேர்ந்து ஒரு ஸ்பூன் எடுக்கணும், இங்க தரையில ஊத்தணும். யாருக்குத் தெரியுமா? மேல இருக்காரு பாரு, சூரியன் தாத்தா. அவருக்கு தாகம். நாமதான் குடிக்கக் குடுக்கணும்.

– நானு! நானு!

– நீயும்தான்டா. ஊத்து. ஆங். இப்ப பாத்துக்கிட்டே இரு. கண்ண எடுக்காத. குடிக்கறாரு... குடிக்கறாரு...

– கானோம்!

– காணோம்! பாத்தியா? குடிச்சிட்டாரு.

– கானோம்! அப்பா, கானோம்! இன்னோ!

– இன்னும் வேணுமாம் அவருக்கு. ஊத்து. பெரிய தாகம் தாத்தாவுக்கு.

– எத்தன தடவ ஊத்தறா பாருங்க மாமா. ஒவ்வொரு தடவையும் இப்பத்தான் மொதல்ல பாக்கற மாதிரி வாயத் தொறக்கறா. ஒரு ஸ்பூன் தண்ணி காயறதுல இவ்ளோ இருக்குதா?

– எனக்கும் இப்பத்தான் தெரியுது. கொதிக்கவே இல்ல, யாரும் தொடைக்கல. இருந்துது, இல்ல. எங்க போச்சு சொல்லு?

– காத்துல இருக்குது. நம்ம மேலதான் ஒட்டிக்கிட்டு இருக்கும்.

– அப்பா. குடி.

– எனக்கா? எனக்கும் தாகம்னு எப்படிம்மா தெரிஞ்சுது உனக்கு? ஊத்து. கையில ஊத்து.

⁂

– மாமா. மாமா, இங்க வாங்க. பசங்கள எழுப்பாதீங்க, தயிர் சோறு வயித்துல இறங்கட்டும். நீங்க மட்டும் வாங்க.

– ட்ரே காத்துல போயிடுச்சா?

– வந்து பாருங்க.

– ஓரத்துல வெள்ளையா இருக்குதே. அழுக்கா?

– அழுக்காமே! குனிஞ்சு பாருங்க. இன்னும். கன்னம் தரையில படற மாதிரி.

– ...சதுரம்.

– ம்.

– ஒவ்வொண்ணும் சதுரமா இருக்குது சங்கரி. நாலு மூலையும் அறுத்து வெச்ச மாதிரி. யாரு வெட்டினா இத?

– யாரும் வெட்டல. அதுக்கே தெரியும்.

– இங்க, இந்த எடத்துல, இப்ப தண்ணிதான் இருந்துது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்...

– மூச்ச அடக்குங்க. தண்ணி மேல மெதக்குது பாருங்க, தூசி மாதிரி. அதான் இப்பப் பொறந்தது. பூக்குதுன்னு சொல்லுவோம். நான் பொறந்ததுலேர்ந்து பாக்கறேன், இன்னும் எனக்குப் புல்லரிக்குது. தோ, கையப் பாருங்க.

– ஒண்ணுமே இல்லாத எடத்துலேர்ந்து வருது.

– அப்படித்தான் தெரியும்.

– இதத்தான் அவளால சொல்ல முடியல. அழகா இருக்கும், அழகா இருக்கும்னே சொல்லிக்கிட்டு இருந்தா. நான் பாதி நேரம் தூங்கிட்டேன் சங்கரி, அவ சொல்லிக்கிட்டே இருப்பா.

– நானும்தான் தூங்கிட்டேன். அவ மட்டும்தான் பாத்தா.

– அப்பா...

– முழிச்சிட்டா. வாம்மா, மெதுவா. தொடாத, பாரு. பிரபா, நீயும் வா. மடியில உக்காரு.

– மாமா, ரெண்டும் பேசவே இல்ல. வாயத் தொறந்தது தொறந்தபடி இருக்குது. மூணு நாள்ல இந்த மாதிரி நான் பாக்கல. டேய் பிரபா, என்னடா அது?

– ஷ்ஷ்ஷ்.

– என்னப் பாத்து ஷ்ஷுங்கறான்! மாமா, சத்தம் போடக் கூடாதாம்!

– தூங்குற குழந்தன்னு நெனச்சிட்டான் போல. சரிடா, நாங்க பேசல. ...சங்கரி, கரைப்பக்கம் பாரு. அந்தக் கருப்புக் கோடு சவுக்குத் தோப்புதான?

– சவுக்குத் தோப்புதான். அப்பால தெரியறது பெருமுக்கல் மலை. ரெண்டுக்கும் நடுவுல... ஐயோ மாமா. அந்த வெள்ள.

– உப்புக் குவியலா?

– எங்க உப்புக் குமி. கடல்லேர்ந்து நான் இதப் பாத்ததே இல்ல. உப்பளத்துக்குள்ள நின்னா எந்தப் பக்கம் பாத்தாலும் முடியாது, நடந்து நடந்து கால் எரியும். இங்கேர்ந்து பாத்தா என் நகத்துக்கு அடியில அடங்குது. எங்க பரம்பரையே அதுக்குள்ளதான் மாமா நடந்துக்கிட்டு இருந்துது.

– போன் அடிக்குது. ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன். என்ன கேட்டாலும் உள்ளதச் சொல்லிடு.

– நைனா?

– ஏம்மா, கேக்குதா? கேக்குதா? நான் வரப்புமேல நிக்கறேன். கப்பல் தெரியுதும்மா! ஆளுங்கல்லாம் வேலையப் போட்டுட்டுப் பாக்கறாங்க. எம்மாம் பெருசு! ஒரு ஊரு வீடு வாசலோட கெளம்பிப் போற மாதிரி இருக்குது. நீ எந்த ஜன்னல்ல இருக்கற? கைய ஆட்டு.

– ஆட்டறேன் நைனா. தெரியுதா?

– எங்க தெரியுது. சரி, ஆட்டினன்னு நெனச்சுக்கறேன். பசங்க சத்தமே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?

– நல்லா இருக்காங்க. உப்பு பூக்கறதப் பாத்துக்கிட்டு இருக்காங்க.

– கப்பல்லயா? கிண்டல் பண்ணாதம்மா. நீ கை வெச்சியா? சத்தியம் என்னாச்சு?

– நான் ஒரு விரல் வெக்கல. அவருதான் பாத்தி கட்டினாரு. உன் பேரன் தண்ணிய சரியா நிறுத்தினான். பேத்தி சூரியனுக்குத் தண்ணி குடுத்தா. சாப்பிட்டாங்க, தூங்கினாங்க, இப்ப வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்காங்க.

– மோகனா? பாத்தியா? யாரு சொல்லிக் குடுத்தா அவருக்கு?

– அக்கா சொல்லியிருக்கா நைனா.

– பெரியவளா...

– ஆமா நைனா. அவதான்.

– இரும்மா. காத்து அடிக்குது, கண்ணுல மண்ணு. சரி, கேக்க வேண்டியதக் கேட்டுடறேன். உப்பத் தொட்டு சொன்னத மறக்காம சொல்லு. மோகனால பசங்களத் தனியா பாத்துக்க முடியுமா, முடியாதா?

– மொத நாள் முடியல. நேத்தும் முடியல. இன்னிக்கி முடிஞ்சுது. இனிமே முடியும்.

– அவ்ளோதான், பேச்சு முடிஞ்சுது. நான் சொன்னா சொன்னதுதான். பசங்க அவருகிட்டயே இருக்கட்டும். மண்டபத்துக்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன். உங்க ரெண்டு பேருக்கும் இதான வேணும்?

– ரொம்ப நன்றிங்க மாமா. வாரா வாரம் பசங்களக் கூட்டிட்டு வர்றேன். பாத்திய உங்க கையால காட்டுங்க.

– வாங்க மாப்ள. நல்லா இருங்க. ...சரிம்மா, கப்பல் தாண்டிப் போவுது, வெச்சிடறேன்.

– வெக்காத நைனா. பசங்களப் பாத்துக்க இனிமே அவருக்கு ஆள் தேவையில்ல. இப்ப என்னக் கேளு, அவரக் கட்டிக்க எனக்கு இஷ்டமான்னு.