வேர்க்குதான்னு கேட்டாங்க

– அதான் சொல்லிட்டேனேம்மா. உங்க ஹெல்ப்லைன் பொண்ணு நல்லாத்தான் பேசுச்சு. ஓகேன்னு போட்டுகினு போன வையி.

– அவசரப்படாதீங்க வேம்புலியம்மா. நான் தாட்சாயிணி. ஆஸ்பத்திரியில போன்ல சொல்ற யோசனை சரியா, ஆபத்தான்னு பாக்கறது என் வேலை. போன ஞாயித்துக்கிழமை காலையில உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலின்னு கூப்பிட்டீங்க. ரேகா பேசினா. கேஸ் மாத்திரை போடுங்க, நாளைக்கு வந்து காட்டுங்கன்னா. அன்னிக்கு மத்தியானமே ஹார்ட் அட்டாக்னு எங்ககிட்டயே கொண்டாந்தீங்க.

– ஸ்டென்ட் வச்சாச்சு, ஊட்டுக்கும் வந்தாச்சு. நல்லா கீறாரு. இன்னும் இன்னாத்துக்குத் தோண்டிகினு?

– ரேகாவ போன்லேர்ந்து எடுத்துட்டாங்கம்மா. தப்பு அவமேலதான்னு முடிவானா வேலையே போயிடும்.

– ஐய! அதுமேல இன்னா தப்பு? அது கேட்டுச்சு, நான் சொன்னேன்.

– அதான் கேக்கறேன். வேர்க்குதான்னு கேட்டா, இல்லன்னீங்க. கை வலிக்குதான்னு கேட்டா, இல்லன்னீங்க. ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமான்னா, வேணவே வேணாம்னீங்க. காலையிலேர்ந்தே அட்டாக்தான்னு டாக்டர் சொல்றாரு.

– ஊட்டுல ஆளுங்க இருந்தாங்கம்மா. எங்க நிஷாவப் பொண்ணு பாக்க சென்னீர்குப்பத்துலேர்ந்து வேன் வச்சிகினு வந்துட்டாங்கோ.

– அதுக்காகவா?

– போன தபா வந்த எடம், இவருக்கு சுகருன்னு கேள்விப்பட்டே கயண்டுகிச்சு. சைரன் வண்டி வாசல்ல வந்து நின்னா இவங்க ஒக்காருவாங்களா? மாத்திர பேரு எதுனா சொல்லுவீங்க, அவங்க கெளம்புற வரிக்கும் ஓட்டிடலாம்னு பாத்தேன். அவங்க கெளம்பி வேன் தெருமுனகூட திரும்பல, வாசப்படியிலயே சாஞ்சிட்டாரு. வெக்கமா கீதும்மா. சொல்லவே நாக்கு கூசுது.

– உங்களத் திட்டக் கூப்பிடலம்மா. ஆனா ரெக்கார்டிங்ல, ரேகா வேர்க்குதான்னு கேட்டதும் ஒரு ஆம்பளைக் குரல் வருது. ஒரு வார்த்தைகூட முழுசா வரல, நின்னுடுது. பேஷன்ட் பக்கத்துலயே இருந்தா போனை அவர்கிட்ட குடுக்கச் சொல்லியிருக்கணும்னு ரேகாமேல புகார். அவர் என்ன சொல்ல வந்தாரு?

– அது… தெரியலியே.

– யாருடி வேம்பு, ஆஸ்பத்திரியா? குடு இங்க. மேடம், துலுக்கானம் பேசறேன்.

– உடம்பு பரவால்லைங்களா?

– சூப்பரா கீறேன். அன்னிக்கு நடந்தது எல்லாமே என் வேலைதான் மேடம். இவ ஆம்புலன்ஸக் கூப்பிடறேன்னுதான் துடிச்சா. இல்லன்னு சொல்லுடின்னு நான்தான் அதட்டினேன். அப்டியே எயுதிக்கோங்க. அந்த நர்சு பொண்ணுமேலயும் தப்பில்ல, இவமேலயும் தப்பில்ல.

– அப்ப உங்க குரல் ஏன் பாதியில நின்னுச்சு?

– அது… இருமல் வந்துடுச்சு மேடம்.

– சரிங்க. நோயாளியே மறைக்கச் சொன்னாருன்னு எழுதிக்கறேன். ரேகாவுக்கும் பிரச்சினை இருக்காது.

– போனக் குடுய்யா. நீ உள்ள போ.

– இன்னாத்துக்கு வேம்பு? அதான் முடிஞ்சுபோச்சே, உடு.

– உள்ள போன்னேன்ல!… யம்மா, லைன்ல கீறியா?

– இருக்கேன், சொல்லுங்க.

– அவரு சொன்னத எயுதாத. பொய்யி. ஆஸ்பத்திரியில கண்ணத் தொறந்ததுலேர்ந்து சொந்தக்காரங்க அத்தினி பேர்கிட்டயும் இதையேதான் சொல்லிகினு கீறாரு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. திட்டியாவது தொலைக்கலாம் இல்ல? அவரு சோறு போடுன்னாக்கூட எனக்கு மூஞ்சப் பாக்க முடியல.

– அப்ப அன்னிக்கு அவர் என்னதாம்மா சொல்ல வந்தாரு?

– வேர்க்குது, வண்டி அனுப்பச் சொல்லுன்னு சொல்ல வாயத் தொறந்தாரு. நான்தான் பொத்தினேன். வேர்க்கலன்னு உங்க ரேகாகிட்ட நான் சொல்லச் சொல்ல, அவரு வேர்வையில என் கையி தொப்பலா நனஞ்சிகினே இருந்துச்சும்மா.