பதினேழாம் எண் கூடாரத்துக் கைத்துப்பாக்கியும் என் முகவரியும்

ஹேரன் ஏரி மாநிலப் பூங்கா அலுவலகம். செப்டம்பர் மாதத் தொழிலாளர் தின விடுமுறைச் சனிக்கிழமை, முற்பகல். பதிவு செய்பவர்: பூங்காக் காவல் அதிகாரி டீனா வோய்டெக்.

பெயர்: ராலண்ட் ஸ்டென்ஸ்ருட். வயது: 54. தொழில்: உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியர். முகவரி: (வாக்குமூலம் கொடுப்பவர் கேட்டுக்கொண்டபடி கடைசியில் எழுதப்படும்.)

நான் மேற்கண்ட பெயருடையவன். பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்றும், வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளலாம் என்றும் அதிகாரி தெரிவித்தார். அந்த உரிமையை வகுப்பில் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவன் நான். இந்த ஆண்டு வழக்கறிஞர்கள் என்னைப் பற்றிப் பேசியது போதும் என்பதால் நானே சொல்கிறேன்.

கடந்த மார்ச் மாதம் எங்கள் பள்ளியில் துறைத் தலைவர் பொறுப்பை எனக்குத் தராமல், என்னிடம் வேலை பழகிய ஒருவருக்குக் கொடுத்தார்கள். அதைப் பற்றி நான் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேசி வந்தேன். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் என் மனைவி மார்லிஸ் கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "நீ எல்லார் மேலயும் வச்சிருக்கிற ஆத்திரத்துக்கே இந்த வீடு பத்தலை, ராலண்ட். நான் எங்க உக்காருறது?" என்று கேட்டாள். அதன் பிறகு என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னாள். நான் பை கட்டும்போது அவள் படுக்கை மேசை இழுப்பறையில் இருந்த கைத்துப்பாக்கியைச் சமையலறைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, பையின் மேல் வைத்து, "இதையும் கொண்டு போயிடு. எனக்கு இது வேண்டாம்" என்றாள். நான் கேட்காமல் அவளாக எடுத்துக் கொடுத்த பொருள் அது ஒன்றுதான். துண்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. நீலக் கட்டம் போட்டது.

அதன் பிறகு நான் இந்தப் பூங்காவுக்கு வந்து பதினேழாம் எண் இடத்தை எடுத்துக் கூடாரம் போட்டேன். ஒவ்வோர் ஆகஸ்டிலும் நாங்கள் இருவரும் வருவது இந்த இடத்துக்குத்தான். இங்கே இரண்டு வெள்ளைப் பூர்ச்ச மரங்களுக்கு நடுவே ஏரி தெரியும் என்பதால் மார்லிஸ் வேறு இடம் எடுக்க விட்டதில்லை. ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கக்கூடாது, பூங்காவைக் குடியிருப்பாக ஆக்கிக்கொள்ளக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். ஆகவே தவணை முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்து, அக்கரையில் உள்ள மாவட்ட நிர்வாகக் காட்டில் சில நாள் இருந்துவிட்டு, பதினேழு காலியானதும் திரும்பி வருவேன். கோடை முழுவதும் இப்படியே நடந்தது. சில தடவை தவணை தாண்டியும் தங்கியிருக்கிறேன்.

துப்பாக்கியை ஏன் இடுப்பில் வைத்திருந்தேன் என்று அதிகாரி கேட்டார். கூடாரத்துக்குப் பூட்டு இல்லை. பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில் அதை விட்டுப் போவது தவறு. காரின் பின்கண்ணாடி ஜூலையில் உடைந்து, அதன் மேல் பிளாஸ்டிக் தாள்தான் ஒட்டியிருக்கிறது. குண்டு ஏன் நிரப்பியிருந்தேன் என்றும் கேட்டார். தனியாக இருக்கிறேன், கரடி வருகிற இடம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அதைக் காட்டி யாரையும் மிரட்டியதில்லை. இந்தக் கோடையில் ஒரு தடவையும் சுட்டதில்லை.

வியாழக்கிழமை பக்கத்துப் பதினெட்டாம் எண் இடத்துக்கு டார்வின் ஹௌக் என்பவர் மனைவியுடனும் சிறுமி ஒருத்தியுடனும் வந்தார். வெள்ளிக்கிழமை மாலை அவர் எல்லைக் கம்பத்தருகே வந்து நின்று, என் அடுப்பின் முன் கிடந்த இரண்டு மடக்கு நாற்காலிகளில் ஒன்றைக் காட்டினார்.

"பெரியவரே, அது சும்மாதானே கிடக்கு? எங்க வீட்டம்மா மரக்கட்டை மேல உக்காந்திருக்கா, பாருங்க."

"அதுக்கு ஆள் இருக்கு" என்றேன்.

"எங்க? கண்ணுக்குத் தெரியாத ஆளா?"

அவர் மனைவி அங்கிருந்தே, "விடுங்க, அவர் வீட்டுக்காரம்மா ஏரியில குளிக்கப் போயிருப்பாங்க. நேத்துலேருந்து குளிக்கிறாங்க, பாவம், விறைச்சுப் போயிருப்பாங்க" என்றார். இருவரும் சிரித்தார்கள். நான் நாற்காலியைத் தரவில்லை.

அதன் பிறகு அவர்கள் பன்றி இறைச்சியும் இனிப்பும் வைத்த பெட்டியை மேசைக்கடியில் விட்டிருப்பதைப் பார்த்து, உணவை இரும்புப் பெட்டியிலோ காரிலோ பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி என்று சொன்னேன். ஹௌக், "நீங்க என்ன வாத்தியாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். பெட்டி அங்கேயே இருந்தது.

இன்று காலை நன்றாக விடிந்த பிறகு நான் காபி வைத்துக்கொண்டிருந்தபோது பதினெட்டில் பெட்டி உருளும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மேசைக்கு அந்தப் பக்கம் கறுப்புக் கரடி ஒன்று நின்றது. இந்தப் பக்கம் அந்தச் சிறுமி வாயில் பல் துலக்கியோடு அசையாமல் நின்றாள். பெற்றோர் கூடாரத்துக்குள் இருந்தார்கள். நான் வாணலியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு என் கம்பம் வரை போய், அதைத் தாண்டாமல் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கித் தட்டிக் கத்தினேன். கரடி இறைச்சிப் பொட்டலத்தை மட்டும் கவ்விக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டது. துப்பாக்கியை நான் தொடவில்லை. கைகளைத் தூக்கியதில் மேல்சட்டை ஏறி, இடுப்பில் இருந்தது வெளியே தெரிந்துவிட்டது. கூடாரத்திலிருந்து ஓடி வந்த ஹௌக் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு மனைவியிடம், "துப்பாக்கி வச்சிருக்கான்டி இந்தாளு. போன் போடு" என்றார். அந்தச் சிறுமி மட்டும் என்னிடம், "இன்னொரு வாட்டி தட்டுங்க" என்றாள். நான் தட்டவில்லை. ஹௌக் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை என்று அதிகாரி எழுதப் போனார். அது உண்மையல்ல என்பதால் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு அதிகாரி வந்து கேட்டபடி துப்பாக்கியை ஒப்படைத்தேன். உரிமத்தைக் கேட்டார். கொடுத்தேன். அது ஜூன் மாதமே காலாவதியாகிவிட்டது என்று அவர் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். புதுப்பிக்கும்படி வரும் கடிதம் உரிமத்தில் உள்ள முகவரிக்குத்தான் போகும். தபால் நிலையத்தில் முகவரி மாற்றம் ஏன் கொடுக்கவில்லை என்று அதிகாரி கேட்டார். மே மாதம் போனேன். மாற்றம் தற்காலிகமா, நிரந்தரமா என்று அந்தப் படிவம் கேட்கிறது. இரண்டில் ஒன்றில் குறி போட வேண்டும். போட முடியாமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேசினார். அதையும் பதிவு செய்யும்படி நான்தான் வற்புறுத்தினேன்.

"சார், சட்டத்துல ஒரு வழி இருக்கு. குடியிருக்கிற இடத்துல வச்சிருக்க உரிமம் வேண்டாம். கூடாரமும் அதுல சேர்த்திதான். நீங்க உங்க கம்பத்தைத் தாண்டலைன்னு ஹௌக்கே சொல்றார். இந்தக் கூடாரம்தான் என் வீடுன்னு ஒரு வரி சொல்லுங்க. தவணை தாண்டித் தங்கினதுக்கு ஒரு அபராதச் சீட்டு கிழிச்சுக் குடுத்துட்டு நான் கிளம்பிடுறேன்."

"சொல்லலைன்னா?"

"உரிமம் இல்லாம பொது இடத்துல குண்டு போட்ட துப்பாக்கி. கோர்ட்டுக்குப் போகும். பள்ளிக்கூடத்துக்கும் தகவல் போகும். செவ்வாய்க்கிழமை திறக்கிறாங்க இல்ல?"

"ஆமா. என் வீடு ஆல்டர் தெருவுல இருக்கு."

"அங்க கடைசியா எப்ப தூங்கினீங்க?"

"ஏப்ரல்ல."

"அப்புறம் அது எப்படி சார் உங்க வீடு?"

விவாகரத்து வழக்கு நிலுவையில் இருக்கிறது. வீட்டை மார்லிஸுக்கே கொடுத்துவிடச் சம்மதித்து எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆகவே நான் எந்தப் பதிலைச் சொன்னாலும் வீட்டில் எனக்குப் பங்கு வரப்போவதில்லை.

அதன் பிறகு முகவரியைச் சரிபார்க்க வேண்டும் என்று அதிகாரி என் எதிரிலேயே வீட்டுக்குத் தொலைபேசி செய்து, இருவருக்கும் கேட்கும்படி வைத்தார். மார்லிஸ் எடுத்தாள். நடந்ததை அதிகாரி சொல்லும்போது பின்னால் கொல்லைக் கதவு அறைந்து சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதன் சுருள்கம்பியை மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தேன். இன்னும் யாரும் மாற்றவில்லை.

"அவருக்கு அடி ஒண்ணும் படலையே?" என்று மார்லிஸ் கேட்டாள்.

"இல்லைங்க. நல்லா இருக்கார். அவர் அங்கதான் குடியிருக்காரான்னு மட்டும் சொல்லுங்க."

"என்ன சொன்னா அவரை விட்டுடுவீங்க?"

"அதை நான் சொல்லித்தரக் கூடாதும்மா. உள்ளதைச் சொல்லுங்க."

கதவு இன்னொரு தடவை அறைந்தது. பிறகு, "அவர் இங்க குடியில்லை. இப்ப அவருக்கு அந்தக் கூடாரம்தான் வீடு" என்றாள். அதன் பிறகு, "ராலண்ட், நீ கேட்டுட்டுதான் இருப்ப, எனக்குத் தெரியும். வீம்பு பண்ணாம கையெழுத்துப் போடு" என்றாள். போன் வைக்கப்பட்டது. வழக்கறிஞர் அலுவலகத்தில் ஜூன் மாதம் பார்த்த பிறகு அவள் என்னிடம் பேசியது இதுதான்.

அவள் என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னாளா, உள்ளது அதுதான் என்பதால் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. அதிகாரியிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை என்றார். பிறகு, அந்த இரண்டாவது நாற்காலி யாருக்கு என்று அவர் கேட்டார். அது வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று சொன்னேன். அதிகாரியும் அத்துடன் விட்டுவிட்டார்.

கைத்துப்பாக்கி ஒன்று, தோட்டா ஆறு, காலாவதியான உரிமம் ஒன்று ஆகியவற்றை ஒப்படைத்தேன். என் சாவிக் கொத்தை அதிகாரி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதில் கார்ச் சாவி, வகுப்பறைச் சாவி, வீட்டுச் சாவி ஆகிய மூன்றும் இருக்கின்றன. வீட்டுச் சாவி இப்போதும் அந்தப் பூட்டில் சேருமா என்று நான் போட்டுப் பார்த்ததில்லை.

இதுவரை எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. இப்படிச் சொல்லும்படி என்னை யாரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்திய இருவரும் வேறு விதமாகச் சொல்லும்படிதான் வற்புறுத்தினார்கள். இதனால் வரக்கூடியதை அறிந்தே கையெழுத்திடுகிறேன். மேலே காலியாக விட்ட இடத்தில் அதிகாரி இப்போது எழுதிக்கொள்ளலாம்: 412, ஆல்டர் தெரு. மேற்படி முகவரியில் நான் என் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன்.

(ஒப்பம்) ராலண்ட் ஸ்டென்ஸ்ருட்