'செட்டில்டு' என்ற சொல்லைத் திருத்திய செம்மனச் செல்வி மீனாக்ஷி அம்மையாருக்கு

மிளகு மணக்கும் மட்டாஞ்சேரியில் மனிதரின் மானமும் மணக்க வேண்டும் என்று முப்பதாண்டுக்கு மேல் முனைந்து நின்ற எங்கள் வங்கிக் கடன் பிரிவின் கண்ணே! கணக்கில் கறார், கருணையில் தாராளம் என்று இரண்டையும் ஒரே மேசையில் இருத்திக் காட்டிய ஏந்தலே! மீனாக்ஷி அம்மையீர், வணக்கம்!

இன்று மாலையோடு தாங்கள் பணி நிறைவு பெறுகிறீர்கள். தங்கள் பொறுமையைப் பாராட்டலாம் என்றால் அது தங்களிடம் இருந்ததில்லை; ஆகவே கோபத்தையே பாராட்டுகிறோம். படிக்காமல் கையெழுத்துப் போட வந்தவர்களைத் திட்டி உட்கார வைத்து, தமிழருக்குத் தமிழிலும் மற்றவருக்கு மலையாளத்திலும் விளக்கி, திட்டியதற்கு ஈடாகச் சாயாவும் வாங்கிக் கொடுத்து அனுப்பிய அந்தக் கோபம் இக்கிளைக்குக் கிடைத்த கொடை.

சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்போகும் இம்மடலில் பாண்டிச்செல்வியின் கதை இல்லாவிட்டால் அதை மாட்டிய ஆணிக்கே பொறுக்காது. கொச்சங்காடியில் இட்லி மாவு விற்கும் அவர் கொரோனா ஊரடங்கில் நம் கிளையில் வாங்கிய கடனுக்குத் தவணை தவறினார். தாங்கள் விடுப்பில் இருந்த வாரம் நடந்த கடன் சமரச முகாமில், வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டு மற்றதை மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள். அவர் கழுத்துச் சங்கிலியை விற்றுக் கட்டினார். பின்பு, கடன் கட்டிய வரலாற்றைச் சொல்லும் தம் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், அதில் 'செட்டில்டு' என்றிருந்தது. ஒருவர் செட்டில் ஆகிவிட்டார் என்றால், வாழ்க்கையில் கரையேறிவிட்டார் என்றுதானே நம்மவர்க்குப் பொருள்? வங்கியே எழுதிக் கொடுத்துவிட்டது என்று பூரித்துத் தெருவுக்கே சாயா வாங்கிக் கொடுத்தார்.

மகள் மகாவின் நர்சிங் படிப்புக்குக் கடன் கேட்டு வேறொரு வங்கிக்கு அதே அறிக்கையோடு பெருமையாகப் போனார். 'முழுதாகக் கட்டாமல் பேசி முடித்தவர்' என்பதே அச்சொல்லின் பொருள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் நேரே தங்கள் மேசைக்கு வந்தார்.

"மேடம், செட்டில் ஆயாச்சுன்னு நாட்டுக்கே சாயா வாங்கிக் குடுத்தேன். அந்த வாக்கு என் மோளுக்கே குழி தோண்டும்னு அறியலையே."

தாங்கள் தேன் தடவிப் பேசவில்லை. நடந்தது நடந்தது, அதை அழிக்க முடியாது. தள்ளுபடியான வட்டியையும் கட்டினால் சொல்லை மாற்றக் கேட்கலாம் என்றீர்கள். மறுநாளே பாண்டிச்செல்வி தாம் போட்டிருந்த சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டிவிட்டார். ஆனால் அன்றைய மேலாளர் சங்கர்ராம் அவர்கள் தயங்கினார். முடித்த கோப்பைத் திறக்க வழக்கமில்லை, அடுத்துக் கடன் கொடுப்பவரிடம் நாம் உண்மையை மறைக்கக் கூடாது என்றார். அதுவும் நியாயமான பேச்சே. அதற்குத் தாங்கள் சொன்னதை இக்கிளை மறக்காது.

"பொய் எழுதச் சொல்லலை, சார். மிச்சத்தையும் கட்டினப்புறம் அந்தப் பழைய வார்த்தை அங்கேயே இருந்தா, அதுவும் பொய்தானே?"

சங்கர்ராம் அவர்கள் திருத்தத்துக்கான பரிந்துரையில் கையொப்பமிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை. தாங்களே படகேறி எறணாகுளத்திலுள்ள அந்த அலுவலகத்துக்குச் சென்று, உரிய அதிகாரியின் எதிரே அமர்ந்து, கொண்டுபோன தயிர்சாதத்தையும் அங்கேயே பிரித்துச் சாப்பிட்டு, அறிக்கை தரும் நிறுவனத்துக்குத் திருத்தம் போன பிறகுதான் எழுந்தீர்கள். அடித்தால்கூடத் தாங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று அந்த அதிகாரியே பிறகு எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

கெடு முடியுமுன் அறிக்கையில் 'குளோஸ்டு', அதாவது முழுதும் கட்டி முடிந்தது, என்று வந்தது. தவணை தவறிய மாதங்கள் அப்படியே இருந்தன. அவற்றை அழிக்கத் தாங்களும் கேட்கவில்லை, பாண்டிச்செல்வியும் கேட்கவில்லை. மகாவுக்குக் கடன் கிடைத்தது. அன்றுமுதல், சமரசத்துக்கு வருபவரிடம் அச்சொல்லின் பொருளை அவர் மொழியிலேயே சொல்லிய பிறகுதான் நாங்கள் பேனாவை நீட்டுகிறோம். மீதியைக் கட்டியவர் அலையாமல் நாங்களே திருத்தம் அனுப்புகிறோம். தலைமை அலுவலகமும் இதை எல்லாக் கிளைகளுக்கும் விதியாக்கியபோது, எங்கள் நெஞ்சு நிமிர்ந்த நிமிர்வை என்னென்போம்!

ஓய்வுக்குப் பின் எங்கே செட்டில் ஆகப் போகிறீர்கள் என்று தங்களைக் கேட்க எங்களுக்குத் துணிவில்லை. கேட்டால் திட்டு விழும். நோயின்றி, நொடியின்றி, நினைத்த இடமெல்லாம் நடந்து, நூறாண்டு கடந்தும் இதே கோபத்தோடு வாழ்க என்று வாழ்த்துகிறோம்! நாங்கள் தங்களுக்குப் பட்ட நன்றிக்கடனில் ஒரு காசும் தள்ளுபடி வேண்டாம்; அது நிலுவையிலேயே இருக்கட்டும்.

இறுதியாண்டு நர்சிங் மாணவி மகா இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இந்த விழாவுக்குச் சாயா பாண்டிச்செல்வியின் செலவு. இம்முறை அவர் பொருள் தெரிந்தே வாங்கிக் கொடுக்கிறார்.

என்றும் தங்கள் திட்டுக்கு ஏங்கும்,
சங்கர்ராம், மாளவிகா, தங்கதுரை
மற்றும் மட்டாஞ்சேரிக் கிளைப் பணியாளர்கள்